பிறர் நோயும் நம் வினையும்

ஒருவனுக்குப் பெருநோய் வந்துற்றது எனக் கேட்டவுடனே, ‘முற்பிறப்பில் என்ன செய்தானோ’ என்று கூறுதல் நம் நாட்டிற் பெருவழக்கு. கூறுவோர் கொடியரல்லர். கோயிலுக்குச் செல்வோர், விரதங் காப்போர், வாயிலில் வந்து இரப்போருக்கு ஒருபிடி அரிசி இடுவோர் ஆகியோரே அங்ஙனங் கூறுகின்றனர். கூறியபின் அவர் மனம் ஒருவாறு அமைதியடைகின்றது. கணக்கை முடித்துப் புத்தகத்தை மூடியவர்போல அப்பாற் செல்கின்றனர். அவ்வமைதி சைவ சித்தாந்தம் தருவதா, அன்றிச் சித்தாந்தத்தின் பெயரால் நமது அச்சம் தேடிக்கொண்டதா என்பதே யான் இங்கு ஆராயப் புகுந்தது. ஆசிரியராகிய நமக்கு இது வெறும் வாதமன்று. சமயபாட வேளையில் வினைக்கொள்கையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் நாம். அப்பிள்ளைகளுள் ஒருவன் நோயுற்றால் அவன் வகுப்பில் எவ்விடத்து இருத்தல் வேண்டும் எனத் தீர்மானிப்பவரும் நாமே.

இதனை யான் ஏட்டிலிருந்து தொடங்கவில்லை. குருநகரிற் கழித்த ஒரு நாளிலிருந்து தொடங்குகின்றேன். என்னிடங் கற்ற மாணாக்கர் ஒருவர் இன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகராய் இருக்கின்றார். சிறுவரின் தோலைப் பரிசோதித்தற்காக ஒரு வைத்தியருடன் தாம் குருநகருக்குச் செல்வதாகவும், பிள்ளைகளை வரிசைப்படுத்திப் பெயரெழுதுதற்கு ஒருவர் வேண்டுமெனவும் அவர் கேட்டார். விடுமுறை நாளாதலின் உடன்பட்டேன். எவ்வகைப் பரிசோதனை என்று அப்பொழுது கேட்டிலேன். வழியிற் கேட்டபோது, ‘தொழுநோய், சேர்’ என்றார். எனது துவிச்சக்கர வண்டியின் வேகம் சிறிது குறைந்தது என்பதை மறையேன்.

குருநகர் யாழ்ப்பாண நகரின் தென்கரையில் உள்ளது; முன்னாளிற் கரையூர் எனவும் வழங்கியது. அங்குள்ளோர் பெரும்பாலுங் கத்தோலிக்கர். கடற்றொழிலே அவர் வாழ்வு. இந்நோய் அவ்வூருக்கு உரியதென்று வாசிப்போர் கருதற்க. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 பேரிடத்து இந்நோய் புதிதாகக் காணப்படுகின்றது. அவருட் பெருந்தொகையினர் மேல்மாகாணத்தவர். வடக்கே எவ்வூரும் இதற்கு விலக்கன்று. யான் சென்றது குருநகராயிற்று, அவ்வளவே.

வைத்தியர் செய்த பரிசோதனை மிக எளிது. ஒரு மண்டபத்தின் மூலையிற் சேலையொன்றை மறைப்பாகக் கட்டியிருந்தனர். பிள்ளைகள் ஒவ்வொருவராய்த் தாயுடன் உள்ளே வருவர். உடலில் வெளிறிய படையாயினும் செம்மை கலந்த படையாயினும் காணப்படின், பிள்ளையைக் கண்களை மூடச் செய்து, திரித்த பஞ்சின் நுனியால் வைத்தியர் பலவிடங்களில் மெல்லத் தொடுவார். தொட்ட இடத்தைப் பிள்ளை விரலாற் காட்டுதல் வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாயிற்று. ‘இஞ்சை, இஞ்சை’ என்று சிரித்துச் சிரித்துக் காட்டினர். பெரும்பாலார்க்கு இருந்தவை வெறுந் தேமல். நண்பகலுக்குச் சற்று முன்பு பத்து வயதளவினனாகிய ஒரு பையன் வந்தான். முழங்கைக்கு மேலே நாணயத்தினுஞ் சற்றுப் பெரிதாய் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. அங்கே மயிர் அருகியிருந்தது. வைத்தியர் அவ்வட்டத்தினுள்ளே மும்முறை தொட்டார். பையன் கண்ணை இறுக மூடியபடி காத்திருந்தான். பின்பு, ‘இன்னும் தொடயில்லையே, சேர்’ என்றான்.

தாய் புன்னகை செய்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வைத்தியரும் பிள்ளை அஞ்சாதிருத்தற்பொருட்டுச் சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

இவ்விடத்து, ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டுமென யான் கருதுஞ் சிலவற்றைக் கூறுகின்றேன். இவை முப்பது ஆண்டு கற்பித்த எனக்கு அன்றுவரை தெரியா. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நோர்வே நாட்டுப் பேர்கன் நகரில் ஹான்சன் என்னும் வைத்தியர் 1873ஆம் ஆண்டில் அக்கிருமியைக் கண்டறிந்தார். அது மிக மெல்லப் பெருகும். உடலிற் புகுந்த பின் அடையாளந் தோன்றுதற்கு ஐந்தாண்டு செல்லலாம், இருபதாண்டுஞ் செல்லலாம். பரம்பரையால் வருவதன்று. மருந்துண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோர்க்கு அவருடைய மூக்கினின்றும் வாயினின்றும் தெறிக்கும் நுண்டுளிகளாற் பரவுகின்றது. மனிதருட் பெரும்பாலார்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. கிருமி பற்றுவது தோலையும் நரம்பையும். விரல்கள் நோயால் உதிர்கின்றன என்று நாம் எண்ணுகின்றோம், அது பிழை. நரம்பு உணர்விழத்தலாற் சுடுகலத்தைப் பற்றிய கை சுடுவதை அறியாது, முள் தைத்த கால் முள்ளை அறியாது. புண் புரையோடிச் சிதைவு நேர்கின்றது. நாம் நாள்தோறும் வேண்டாமென்று வெறுக்கும் வலி என்பது எத்துணைக் காவல் என்பதை அப்பையன் கையைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

மருந்து உண்டு. ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின் என்பவற்றைச் சேர்த்துக் கொடுக்குங் கூட்டு மருந்துமுறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் வகுத்தது. இலங்கைக்கு அது 1983இல் வந்தது. நோயின் அளவிற்கேற்ப ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் உண்ணல் வேண்டும். விலையில்லை. உண்ணத் தொடங்கிய சின்னாட்களிலே நோயாளி பிறர்க்குப் பரப்பும் நிலையினின்று நீங்குகின்றார். அம்மருந்துகளுள் ஒன்று சிலரது தோலைக் கருக்கச் செய்யும். பின்னர் அது மெல்லத் தெளியும். வகுப்பில் ஒரு பிள்ளை திடீரெனக் கறுத்திருப்பின், ஏனையோர் நகையாடுமுன் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இன்னொன்று. 1995ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் இந்நோய் பதினாயிரவருக்கு ஒருவர் என்னும் அளவினுங் குறைந்தது. அதனைச் ‘சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீக்கம்’ என்று அறிஞர் கூறினர். நாமோ ‘ஒழிந்தது’ என்று கேட்டுக்கொண்டோம். உலகெங்கும் 2023ஆம் ஆண்டிற் புதிதாகக் காணப்பட்டோர் ஏறத்தாழ 1,80,000 பேர். அவருள் 1,00,000க்கு மேற்பட்டோர் இந்தியாவில் வாழ்வோர். இலங்கையிற் பத்துப் பேருள் ஏறக்குறைய ஒருவர் சிறுவர். சிறுவரிடத்து நோய் காணப்படின், மருந்துண்ணாத ஒருவர் அணித்தே இருக்கின்றார் என்பது பொருள். ஆகவே பிற்பகலிற் பரிசோதகருடன் அப்பையன் வீட்டிற்குச் சென்றேன். அவ்வீடு எதுவென எவரும் ஊகித்தலாகாது என்பதற்காக இதன்கண் சில அடையாளங்களை மாற்றியே எழுதுகின்றேன்.

பையனுடைய பாட்டனார் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். வலக்கையின் சுண்டுவிரலும் அதனையடுத்த விரலும் உள்மடிந்திருந்தன. ஏனை மூன்று விரல்களாலும் ஊசியை அவர் நடத்திய விரைவு வியக்கத்தக்கது. பரிசோதகர் அருகிருந்து, கடலைப்பற்றியும் காற்றைப்பற்றியும் பேசிய வண்ணமே அவருடைய முழங்கையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். அங்குள்ள நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. எப்பொழுது இவ்விரல்கள் மடிந்தன என்று வினாவியபோது, முதியவர் பையனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, எங்களை நோக்கி, ‘நாலு வரிசமாத் தெரியும் தம்பி. சொன்னா, என்ரை மகன் கொண்டுபோற மீனை ஆர் வாங்குவினம்?’ என்றார்.

இவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை. ஏனெனின், மீன் உண்ணாதவனாயினும், வாங்காதோர் வரிசையில் யானும் நின்றிருப்பேன் என்பதை அறிவேன். மகனுடைய பிழைப்பைக் காத்தற்குப் பாட்டனார் நோயை மறைத்தார். மறைத்தமையாற் பேரன் அதனைப் பெற்றான். இதில் முற்பிறப்பை எங்கே தேடுவது? மறைக்கும்படி அவரை நெருக்கியது அயலாரின் வாய். அவ்வாயில் நம்முடைய சமயமொழியும் இருந்தது.

மீனைப்பற்றி ஒரு சிறு கிளைக்கதை. நோர்வேயில் இந்நோய் மேலைக் கடற்கரை ஊர்களில் மிகுந்திருந்தது. லண்டன் நகரத்துப் பெயர்பெற்ற சத்திர வைத்தியராகிய யோனதன் ஹட்சின்சன் என்பார், கெட்ட மீனை உண்பதனாலேயே தொழுநோய் வருகின்றது என்று வாழ்நாளெல்லாம் வாதித்து, 1906இல் அதன்மேல் ஒரு நூலும் எழுதினார். ஹான்சன் கிருமியைக் கண்டு முப்பதாண்டு கழிந்த பின்பும் அவர் அதனை விடவில்லை. கற்றோருங்கூட நோய்க்குக் காரணத்தை நோயாளியின் சட்டியினுள்ளே தேடுகின்றனர்; நாம் அவனுடைய முற்பிறப்பினுள்ளே தேடுகின்றோம். எங்கேயாயினுஞ் சரி, குற்றம் அவனிடத்து இருத்தல் வேண்டும்! ஹான்சனும் இவ்விஷயத்தில் முற்றத் தூயரல்லர். 1879இல் ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் அவளது உடன்பாடின்றி நோய்ப்பொருளைப் புகுத்திச் சோதித்தமையால், மறு ஆண்டில் நீதிமன்றம் அவரை வைத்தியசாலைப் பதவியினின்று நீக்கியது. குருநகரில் நோர்வே நாட்டார் துணையோடு வலைத் தொழிற்சாலை தோன்றியதை நம்மில் முதியோர் அறிவர். அந்நாட்டு மீனவருஞ் சில தலைமுறைக்கு முன் இதே பழியைச் சுமந்தவர் என்பதை அறிந்தாரிலர்.

இனி நம் நாட்டின் பழங்கதையைப் பார்ப்போம். ஒல்லாந்தர் கொழும்பிற்கு அணித்தாகிய ஹெந்தளையில் 1708இல் தொழுநோயாளர்க்கு ஓர் இல்லம் அமைத்தனர். ஆங்கிலேயர் 1901இல் நோயாளரைப் பிரித்து வைத்தற்குச் சட்டஞ் செய்தனர். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் 1921இல் வைத்தியசாலை எழுந்தது. தீவு என்பதை நோக்குக, நாற்புறமும் நீர். மருந்தில்லாத காலத்தில் ஊரைக் காத்தற்கு வேறு வழி அறியாதிருந்தனர் என்று அவர்க்காக வாதிக்கலாம். மருந்து வந்த பின்பும் அவ்வழக்கம் பலவிடங்களில் நீங்கவில்லை. ஜப்பான் தேசம் 1907இல் தொடங்கிய பிரிப்புச் சட்டத்தை 1996இலேதான் நீக்கிற்று. நோயாளரின் பிள்ளைகளும் சுற்றத்தாரும் பட்ட துன்பத்திற்கு ஈடு கொடுக்குமாறு குமமோட்டோ நீதிமன்றம் தீர்த்தது 2019இல். இந்தியாவில், கணவன் மனைவியருள் ஒருவர்க்குத் தொழுநோய் உண்டென்பது மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாய்ச் சட்டத்தில் நின்றது. அதனை நீக்கியதும் அதே 2019இலேதான். சட்டம் நீங்கினும் மனத்தினுள்ளே மாந்தீவுகள் இன்னும் உள.

யான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். கிறிஸ்துநாதர் தொழுநோயாளன் ஒருவனைக் கையால் தொட்ட சரித்திரத்தையும், ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873ஆம் ஆண்டில் தமியன் என்னும் குருவானவர் மொலக்காய்த் தீவுக்குச் சென்று, நோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே 1889இல் இறந்த சரித்திரத்தையும் அங்கே கேட்டேன். வீட்டிற்கு வந்து, ‘நம் சமயத்தில் இங்ஙனம் உண்டோ’ என்று தந்தையாரை வினாவினேன். அவர் அப்பர் சுவாமிகளுடைய தனித் திருத்தாண்டகத்தை எடுத்து ஒரு பாட்டைப் படித்துக் காட்டினார். உறுப்புக் குறைந்த தொழுநோயரையும், சிவனிடத்து அன்புடையராயின், தாம் வழிபடுந் தெய்வமெனவே கொள்வதாகச் சுவாமிகள் அருளியது அது. பதின்மூன்று வயதில் அதனைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தேன். மறுநாள் பாடசாலையிற் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆயினும், பாட்டு நம்மிடம் இருக்க, புண் கழுவியோர் பெரும்பாலும் பிறராயினர் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு மேலும் நாற்பதாண்டு வேண்டியிருந்தது.

குருநகருக்குச் சென்றுவந்ததை ஆசிரிய நண்பர் ஒருவரிடம் உரைத்தபோது அவர் ஒரு தடை எழுப்பினார். ‘அப்பர் சுவாமிகள் சிவனடியாரையன்றோ குறித்தார்? நீர் சென்றது கத்தோலிக்கர் வீட்டிற்கு’ என்றார். தடை தக்கதே, நிபந்தனை பாட்டில் உள்ளது. அஃது எவரை வணங்கலாம் என்பதற்கு இட்ட நிபந்தனை. எவரை விலக்கலாம் என்பதற்கு இட்டதன்று. வணக்கத்திற்கு அடியவராதல் வேண்டும். அருகிருந்து கையைப் பார்த்தற்கு மனிதராயிருத்தல் போதும். 1877இற் பஞ்சம் வந்தபோது ஆறுமுகநாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். பஞ்சம் நாட்டாரது தீவினையென்று ஒரு பிரசங்கஞ் செய்துவிட்டு இருந்திருக்க அவர்களுக்கு இயலாததன்று. அவர்கள் கஞ்சி வார்த்தார்கள்.

வினைக்கொள்கை பொய் என்று யான் கூறவில்லை. அக்கொள்கையை எவ்விடத்துக் கூறுவது என்பதே எனது கேள்வி. இலக்கணம் படிப்பிக்கும் நாம் அறிவோம்: வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்திலும் வரும். சமயத்திற் கூறும் வினையோ தன்மையிடத்தே மட்டும் பொருந்துவது. ‘என் வினை’ என ஒருவன் கூறுமிடத்து அது பணிவு. பிறரைப் பழியாமைக்கும் இறைவனை வெறாமைக்கும் அது துணை. ‘உன் வினை’ என்னும்போது அது வசை. ‘அவன் வினை’ என்னும்போது, அவன் கேளாதவிடத்து எழுதிய தீர்ப்பு. அப்பர் சுவாமிகள் சூலைநோயால் வருந்தித் திருவதிகையில் நின்றபோது தாஞ் செய்த கொடுமைகளைத் தாமே நினைந்து இறைவனிடம் முறையிட்டார். அவருடைய தமக்கையார் திலகவதியார் அங்கே இருந்தார். தம்பி தம்மைத் தனியே விடுத்துப் புறச்சமயம் புகுந்தவர். நோய் வந்த பின்பு இரவில் மறைந்து வந்தவர். ‘இது நீ செய்த வினை’ என்று கூறுதற்கு அவரினும் உரிமையுடையார் எவருளர்? பெரியபுராணத்தில் அவர் திருநீறு அளித்து, விடியற்காலத்தில் தம்பியைத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு செல்கின்றார். குற்றஞ்சாட்டும் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து பிறக்கவில்லை. நம்முடைய சமயத்தில் நோயாளியின் பக்கத்தில் நிற்பது எங்ஙனம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடம் யான் அறியேன்.

திருஞானசம்பந்த சுவாமிகளோ இன்னும் ஒருபடி மேற்சென்றார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது அருளிய பதிகத்தில், செய்த வினைக்கு வந்த வினை என்று பேசியிருப்போரை நோக்கி, பிழைக்கும் வழியைத் தேடாதிருத்தல் உங்களுக்கே குறையாகும் எனக் கடிந்துரைக்கின்றார். வினைக்கொள்கையைச் சொல்லிக் கைகட்டியிருத்தலைக் கண்டித்தவர் புறச்சமயத்தாரல்லர்; நம் பரமாசாரியரே.

சித்தாந்த நூல்கள் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூன்றாக வகுக்கும். நோயாளியின் நோய் அவனுடைய பிராரத்தமே ஆயினும் ஆகுக. அவன் எதிரில் நின்று யான் முகந்திருப்புகின்றேனே, அது எவருடையது? அஃது என்னுடைய ஆகாமியம். இன்று, இப்பிறப்பில், கண் காண நான் ஈட்டுவது. பிறனுடைய பழங்கணக்கை ஆராயும் பொழுதிலே நமது புதுக்கணக்கு ஏறிக்கொண்டிருக்கின்றது.

அன்றியும், நம் சொல்லில் ஒரு நேர்மைக்குறை உண்டு. 1986இல் மண்டைதீவுக் கடலிற் குருநகர்த் தொழிலாளர் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் வெட்டுண்டு மாண்டனர். 1993 நவம்பரிற் புனித யாகப்பர் ஆலயத்தின்மேற் குண்டு வீழ்ந்து வழிபடச் சென்றோர் மாண்டனர். அவ்விரண்டினையும் ‘அவர் வினை’ என்று நம்முள் எவருங் கூறக் கேட்டிலேன், அநீதி என்றோம். மனிதர் செய்தால் அநீதி, கிருமி செய்தால் வினையோ? குண்டுக்கு நாமும் அஞ்சியிருந்தோமாதலின் அவரோடு சேர்ந்து நின்றோம். நோய்க்கு அஞ்சியபோதோ அவரை விட்டுத் தள்ளி நின்றோம். வேற்றுமை சித்தாந்தத்தில் இல்லை. நாம் நின்ற இடத்தில் உள்ளது.

எனினும் ஆசிரியன் ஒருவனை நெருக்கும் உண்மையான கேள்வி ஒன்று எஞ்சுகின்றது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உளர், ஒருவனுக்கு நோய், நாற்பதின்மரைக் காத்தற்கு ஒருவனை விலக்குதல் அறமாகாதா? இதனை யான் எளிதாகத் தள்ளேன். ஒருகாலத்தில் இதற்கு ‘ஆம்’ என்று விடை கூறி, அதன்படி செய்தும் இருக்கின்றேன். ஏறக்குறைய முப்பதாண்டுக்கு முன், யான் புதிதாக நியமனம் பெற்றுச் சென்ற ஒரு பாடசாலையில், கன்னத்தில் வெளிறிய படையுடைய சிறுவன் ஒருவன் இருந்தான். பெற்றார் சிலர் வந்து முறைப்பட்டனர். முதலில் அவனைக் கடைசி வாங்கிலே தனியே இருத்தினேன். பின்பு தாயை அழைத்து, ‘மாறிய பிறகு அனுப்புங்கோ’ என்றேன். அவள் ஒன்றும் எதிர் பேசவில்லை. பிள்ளை திரும்ப வரவில்லை. சில மாதங்களுக்குப் பின் வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே ‘இடம்பெயர்ந்தார்’ என்று எழுதினேன். போர்க்காலமாதலால் அச்சொல்லை எவரும் ஐயுறார்.

அப்பொழுதே இந்நாட்டில் மருந்து வந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. 1990ஆம் ஆண்டில், படையைக் கண்டால் வைத்தியரிடஞ் செல்லுங்கள் என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டவர்க்கு அறிவித்தனர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அக்காலத்தில் மின்சாரம் இல்லை. அது யான் அறியாமைக்குக் காரணமாகலாம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லாமைக்குக் காரணமாகாது. அதற்கு ஒரு துவிச்சக்கர வண்டி போதும். அன்றியும், அச்சிறுவனுடையது தொழுநோயோ வெறுந் தேமலோ என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பஞ்சால் ஒருமுறை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாற்பதின்மரை யான் எதிலிருந்து காத்தேன் என்பதும் அறியேன். மருந்துள்ள நாட்டில் விலக்குதல் நாற்பதின்மரையுங் காவாது. விலக்கினால் நோய் மறையும், மறைந்தால் பரவும். குருநகர் முதியவர் எனக்குக் கற்பித்தது அது.

அவர் வீட்டிற்கு மீளுகின்றேன். புறப்படுமுன், ‘மாஸ்டர், ஒரு தேத்தண்ணி குடிப்பியளோ?’ என்று அவர் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே சென்று, அந்த மடிந்த விரல்களாலேயே கண்ணாடிக் குவளையை ஏந்தி வந்தார். எங்கள் வீட்டில் யான் சிறுவனாயிருந்த காலத்து மூக்குப்பேணி இருந்தது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கலாம். கண்ணாடிக் குவளையில் அவ்வசதி இல்லை. மச்சம் சமைக்கும் வீட்டில் நீர் அருந்துவதில்லை என்னும் நியமம் எனக்கு உண்டென்று மனம் உடனே நினைவூட்டியது. அந்நியமத்தைத் திருமண வீடுகளிலும் நண்பர் இல்லங்களிலும் எத்தனையோ முறை தளர்த்தியிருக்கின்றேன். அன்றைக்கு அது வெகு விரைவில் நினைவிற்கு வந்தது. ஆசாரம் என்பது உயர்ந்த பொருளேயாயினும், சில வேளைகளில் அச்சம் அதன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகின்றது. குடித்தேன். முழுதுங் குடித்தேனல்லேன், பாதியை வைத்துவிட்டு, சூடு அதிகம் என்றேன். முதியவர் அதனை ஏற்றுக்கொண்டார். அவருடைய கைக்குச் சூடு தெரியாது.

பையனுக்கும் அவருக்கும் போதனா வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவில் நோய் உறுதி செய்யப்பட்டு மருந்து தொடங்கியது. அவ்வீட்டில் ஏனையோரையும் பரிசோதித்தனர். மகனுடைய மீன் விற்பனையாகின்றது, எவருக்குஞ் சொல்லவில்லை. பையன் பாடசாலையில் தன் பழைய வாங்கிலேயே இருக்கின்றான் என்று பரிசோதகர் கூறினார். அடுத்த மாத மருந்து பெறும் நாளில் முதியவருடன் வருவதாக யான் கூறியிருந்தேன், அவ்வாறே சென்றேன். இருவரும் இலக்கத் துண்டைப் பெற்றுக்கொண்டு வரிசையில் அமர்ந்திருந்தோம். அவ்வழியே என்னோடு முன்னொருகாற் கற்பித்த ஆசிரியர் ஒருவர் சென்றார். என்னைக் கண்டு நின்று, கதவின் மேலிருந்த பலகையை ஒருமுறை பார்த்து, ‘என்ன மாஸ்டர், உங்களுக்கோ?’ என்றார்.

‘எனக்கில்லை, எனக்கில்லை, இவருக்கு’ என்றேன். இரண்டுமுறை கூறினேன் என்பது பின்னரே எனக்கு நினைவு வந்தது. முதியவர் தம் கையிலிருந்த இலக்கத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இலக்கம் வருதற்கு இன்னும் பதினொருவர் இருந்தனர்.